இசை உரிமம் பற்றி ஒரு பக்கப் பதில்: எங்கள் பள்ளி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கும் கல்வி வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் உயர்நிலைப் பள்ளியின் சியர்லீடிங் (இசைக்கேற்ப ஆடி, ஒருவரையொருவர் தூக்கிப் பிடிக்கும் விளையாட்டு) அணிக்காகப் பெற்றோர் நடத்திய நிதி திரட்டும் நிகழ்ச்சியில் இசை ஒலிக்கவில்லை. அன்று பிற்பகல் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இசை உரிமம் குறித்துத் தெளிவு கிடைக்கும்வரை ஒலிபெருக்கியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதில் இருந்தது. அந்தத் தெளிவை யார் தர வேண்டும், எப்போது தருவார்கள் என்பது இல்லை. அதே தெளிவைக் கேட்டு நாங்கள் கோடை விடுமுறையிலேயே எழுதியிருந்தோம். பதில் வரவில்லை, தடை மட்டும் வந்தது.

இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. அணியில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அன்று டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தவர்களில் நியூ ஜெர்சித் தமிழர்கள் நிறையப் பேர். "ஏன் பாட்டுப் போடவில்லை?" என்று இன்றும் கோயிலிலும் மளிகைக் கடையிலும் கேட்கிறார்கள். அவர்களுக்கும் விவரம் தெரிய வேண்டும்.

எங்கள் கோரிக்கை இதுதான். எந்த நிகழ்ச்சியில் எந்த இசையை ஒலிக்கலாம் என்பதை ஒரு பக்கத்தில் எழுத்தாகத் தாருங்கள். உரிமம் தேவைப்படும் இடங்களில், அதை எங்கள் பள்ளிகளை நடத்தும் மாவட்ட நிர்வாகமே எல்லா அணிகளுக்கும் சேர்த்து வாங்கித் தாருங்கள்.

சியர்லீடிங்கை விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் பார்த்தவர்களுக்கு, இசை இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். போட்டிக்கான ஆட்டம் இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்தையும் எட்டு எட்டு எண்ணிக்கையாகப் பிரித்துத் தாளில் எழுதி, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு அசைவு என்று மாதக்கணக்கில் பழகுகிறார்கள். எப்போது தூக்குவது, எப்போது இறக்கிப் பிடிப்பது என்பதைக் கீழே நின்று தாங்கும் பெண்களுக்குச் சொல்வது இசையில் விழும் அடிதான். அன்று அந்த அடி இல்லை. பின்னால் நின்று தாங்கிய பெண் தொண்டை கிழியக் கத்தி எண்ணினாள். பார்வையாளர்களின் கைதட்டலில் அவள் குரல் அமுங்கியது. பிரமிடில் மேலே நின்ற சிறுமி ஒரு எண்ணிக்கை முன்னதாக இறங்கினாள். பிடித்துவிட்டார்கள். ஆனால் இறங்கிய வேகத்தில் அவளுடைய முழங்கை கீழே இருந்தவளின் புருவத்தில் பட்டு இரத்தம் வந்தது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் புருவத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் மிச்ச ஆட்டத்தைச் சுவரோரம் நின்று பார்த்தாள். பயிற்சியாளர் நிறுத்திவிடலாம் என்றார். பணம் கொடுத்து வந்திருக்கிறார்களே என்று பிள்ளைகள் முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அந்த மின்னஞ்சலை அனுப்பியவர் அந்த அரங்கில் இருந்திருக்க வேண்டும் என்று நான் இன்னும் நினைக்கிறேன்.

இத்தனைக்கும் அந்த இசை எங்கிருந்தோ பதிவிறக்கி ஒட்டியது அல்ல. 2016 வாக்கிலிருந்தே அமெரிக்கச் சியர்லீடிங்கின் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ சியர் இசை உரிமம் பற்றி விதிகள் வகுத்து வருகிறது. போட்டிக்குப் போகும் அணி, தன் இசைக்கு உரிமம் இருக்கிறது என்பதற்கான தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும். யாராவது ஆட்சேபித்து, தாளைக் காட்ட முடியாவிட்டால், அந்த இசையோடு ஆட முடியாது. எங்கள் அணி முறைப்படி உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடம்தான் வாங்கியது. கார் கழுவியும், கேக்கும் சமோசாவும் விற்றும் சேர்த்த பணத்தில் பெரிய பங்கு இதற்கே போனது. உரிமத் தாளைப் பயிற்சியாளர் பிளாஸ்டிக் உறையில் போட்டு எல்லா இடத்துக்கும் எடுத்துப் போகிறார். நிகழ்ச்சிக்கு முன்பே அதன் நகலை உங்களுக்கும் அனுப்பினோம். "போட்டிக்கு" என்று அதில் இருக்கிறதே, "நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு" என்று இல்லையே என்பது உங்கள் தரப்பின் ஐயம் என்றால், அதைச் சொல்வதற்கு நிகழ்ச்சி நாள்வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

விதிகளுக்கு நாங்கள் அஞ்சுவதில்லை. விதி இன்னது என்று தெரிந்தால் அதன்படி நடக்கிறோம். அதே மாலையில் பரிசுக் குலுக்கல் நடத்தினோம். நியூ ஜெர்சியில் குலுக்கல் நடத்த மாநில ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், நகராட்சியில் உரிமம் வாங்க வேண்டும். அதற்குப் படிவம் இருக்கிறது, கட்டணம் இன்னது என்று எழுதியிருக்கிறது, ஒப்புதல் தர ஓர் அலுவலர் இருக்கிறார். எல்லாம் செய்தோம். திரட்டிய பணத்தையும் அப்படித்தான் கையாள்கிறோம். அதிகம் விற்றவரின் பிள்ளைக்கு அதிகக் கட்டணக் கழிவு என்று கணக்கு வைத்த ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் குழு, 2013இல் வரி நீதிமன்றத்தில் தன் வரிவிலக்குத் தகுதியை இழந்தது. அந்தத் தீர்ப்பை எங்கள் பொருளாளர் முதல் கூட்டத்திலேயே விளக்கினார். அதனால் எங்கள் பணம் முழுவதும் பொதுவில் சேர்ந்து, விற்றவர் பிள்ளைக்கும் விற்காதவர் பிள்ளைக்கும் ஒன்றுபோலச் செலவாகிறது. குலுக்கலுக்கும் வரிக்கும் வழி தெரிகிறது. இசைக்கு மட்டும் எங்கே போய் நிற்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் 1976ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் யாரும் படிக்கக்கூடியது. அதன் 110ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு எங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது போல இருக்கிறது. இலாப நோக்கம் இல்லாமல், ஆடுபவருக்கும் நடத்துபவருக்கும் அதற்கென ஊதியம் தராமல், நேரில் கூடியிருப்பவர்கள் முன் ஒரு பாடலை ஒலிக்கலாம். டிக்கெட் விற்றாலும், செலவு போக மிஞ்சுவது முழுக்கக் கல்விக்கோ சமயத்துக்கோ அறப்பணிக்கோ போனால் விலக்கு பொருந்தும். டிக்கெட் விற்கும்போது உரிமையாளருக்கு ஆட்சேபம் இருந்தால், குறைந்தது 7 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு அப்படி எந்த ஆட்சேபமும் வரவில்லை. பயிற்சியாளர் அன்றைக்கென ஒரு டாலரும் வாங்கவில்லை. இந்த விலக்கு எங்களுக்குப் பொருந்தாது என்று உங்கள் சட்ட ஆலோசகர் கருதினால், ஏன் பொருந்தாது என்று சொல்லட்டும். ஏற்றுக்கொள்கிறோம். எந்தக் காரணமும் சொல்லாத தடையைத்தான் ஏற்க முடியவில்லை.

உங்கள் அச்சம் நியாயமற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரு பாடலுக்கு 750 டாலர் முதல் 30,000 டாலர் வரையும், தெரிந்தே மீறினால் 1,50,000 டாலர் வரையும் நீதிமன்றம் இழப்பீடு விதிக்கலாம். வரிப்பணத்தைக் காக்க வேண்டியவர்கள் தயங்குவது இயல்பு. விஷயமும் சிக்கலானதுதான். ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. எழுதியவர், இசையமைத்தவர் தரப்பின் உரிமை ஒன்று. பதிவு செய்த நிறுவனத்தின் உரிமை இன்னொன்று. அரங்கில் அப்படியே ஒலிப்பது முதல் உரிமையைச் சேர்ந்த விஷயம். அதற்கான அனுமதியை ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற அமைப்புகள் தொகுப்பாக விற்கின்றன. பதிவை வெட்டி, வேகத்தைக் கூட்டி, நான்கு பாடல்களை ஒன்றாக இணைப்பதற்கு இரண்டு தரப்பிலும் அனுமதி வேண்டும். பெரிய நிறுவனங்கள் ஒரு பள்ளி அணியின் கடிதத்துக்குப் பதிலே போடுவதில்லை. அதனால்தான் வேறு பாடகர்களை வைத்துப் புதிதாகப் பாடிப் பதிவு செய்த இசையைத் தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். காணொளி இன்னொரு தனி விவகாரம். நேரலைக்கு 110(4) உதவாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். திருநெல்வேலியிலும் மதுரையிலும் விடிகாலை எழுந்து பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்கக் காத்திருந்த தாத்தா பாட்டிகளிடம், நேரலை கிடையாது என்று முன்கூட்டிச் சொல்லக்கூட எங்களுக்கு விவரம் இல்லை.

இவ்வளவு சிக்கலையும் பதினைந்து வயதுப் பிள்ளைகளும், வேலை முடிந்து வந்து கேக் சுடும் பெற்றோரும் அவிழ்க்க வேண்டுமா? மாவட்டத்துக்குச் சட்ட ஆலோசகர் இருக்கிறார். எங்களிடம் கார் கழுவும் வாளிதான் இருக்கிறது.

பள்ளியின் இசைக்குழு கால்பந்து ஆட்ட இடைவேளையில் வாசிக்கும் பாடல்களை வாத்தியங்களுக்கேற்ப மாற்றி அமைக்க வேண்டிய அனுமதியை மாவட்டம்தானே வாங்குகிறது. அந்தக் குழுவின் பெற்றோர் யாரும் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அது சரியான முறை. அதே முறை எங்கள் பெண்களுக்கு ஏன் இல்லை? இங்கே இன்னொரு வேதனையும் சேர்ந்துகொள்கிறது. 1898இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்கள் கூட்டத்தை முழக்கமிடவைத்துத் தொடங்கிய கலை இது. இன்று பெண்கள் ஒருவரையொருவர் தலைக்கு மேல் தூக்கி எறிந்து பிடிக்கும் கடினமான விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2021இல் இதன் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் தந்தது. இருந்தும் நம் பள்ளிகளில் இதை மற்றவர்களின் ஆட்டத்துக்கு அலங்காரம் என்றே இன்னும் எண்ணுகிறார்கள். பயிற்சிக்கு அரங்கம் கேட்டால், கூடைப்பந்து அணி முடித்த பிறகு என்கிறார்கள். புதிய மெத்தை கேட்டால், நிதி திரட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நிதி திரட்டப் போனால் இசையை நிறுத்துகிறார்கள். இந்தப் பெண்கள் இன்னும் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

இசை உரிமையாளர்கள் எல்லாம் கல்நெஞ்சர்கள் என்றும் நான் எண்ணவில்லை. 1996இல் கோடை முகாம்களில் சாரணியர் சிறுமிகள் பாடும் பாடல்களுக்கு ஆஸ்கேப் கட்டணம் கேட்டபோது, நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அந்த அமைப்பு பின்வாங்கியது. ஒரு பெரிய மாவட்டம் முறைப்படி எழுதிக் கேட்டால் பதில் வரும். ஒரு தாய் எழுதிக் கேட்டால் வராது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கோபம் சில வரிகளில் எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புருவத்தில் தையல் போட்ட பெண்ணை வாரந்தோறும் பயிற்சியில் பார்ப்பதால் வந்த கோபம் அது.

பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். மார்ச்சில் அடுத்த நிதி திரட்டும் நிகழ்ச்சி வைத்திருக்கிறோம். அதற்கு முன்பாக அந்த ஒரு பக்கப் பதிலைத் தாருங்கள். பள்ளி அரங்கில் நேரடி நிகழ்ச்சி, போட்டி, நேரலை, பெற்றோர் எடுக்கும் காணொளி ஆகிய நான்குக்கும் எது கூடும், எது கூடாது என்று அதில் இருந்தால் போதும். கூடாது என்பதே பதிலானாலும் சரி, தெரிந்துகொண்டு வேறு வழி பார்ப்போம். அணிகளுக்கான இசை உரிமச் செலவை அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பாகச் சேருங்கள். எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அலுவலகத்தில் ஒருவரிடம் கொடுங்கள்.

வாரியத்தின் அடுத்த கூட்டத்தில், பொதுமக்கள் பேசும் நேரத்தில் அணித்தலைவி பேசுகிறாள். உரிமத் தாளை உறையோடு கொண்டு வருவாள். "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடாமல், பதில் வரும் தேதியை அவளிடம் அங்கேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்துச் சியர்லீடிங் அணியில் ஒரு மாணவியின் தாய்