எங்கள் சுவரில் உங்கள் கம்பி எங்கே முடிகிறது?

தொலைபேசி நிறுவனத்தின் வட்டாரக் கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. புகார் எண்ணை மறுபடியும் எழுதவில்லை. வீட்டுத் தொலைபேசி பழுதாகிக் கிடப்பதைப் பத்தொன்பது நாளில் ஏழு முறை சொல்லியாயிற்று, உங்கள் ஆட்களும் இரண்டு முறை வந்து போனார்கள்.

இரண்டாவதாக வந்த தம்பி நல்ல பையன். கூரையோரம் இருக்கும் டப்பாவைத் திறந்து, வீட்டுக்குள் போகும் இரண்டு கம்பியையும் கழற்றிவிட்டு, தன் டெஸ்ட் போனை மாட்டினார். டயல் டோன் கணீரென்று வந்தது. "வீட்டுக்குள்ளே ஷார்ட். இத்து பூக்கான் காமி பூஞா, பாங்" என்றார், அது எங்களுடையது இல்லை அண்ணே என்று மலாயில். கழற்றியதைப் பழையபடியே மாட்டிவிட்டுக் கிளம்பினார். டவுனிலிருந்து வயர்மேனை அழைத்து வந்தேன். அவர் சாக்கெட்டைத் தொடவே இல்லை. "டெலிபோன் கம்பி கம்பெனி சொத்து அண்ணே, நாளைக்கு என்னைத்தான் கேட்பான்" என்றார். ஆக, எங்கள் சுவரில் ஓடும் ஐம்பது அடிக் கம்பிக்கு இப்போது சொந்தக்காரரே இல்லை.

அந்தக் கம்பியின் முனையில் இருப்பவர் என் அம்மா. வயது 78. எனக்கு செம்பனை ஆலையில் இரவு வேலை என்பதால் ராத்திரியில் தனியாகத்தான் இருப்பார். கைப்பேசி வாங்கித் தரலாமே என்பீர்கள். வாங்கித் தந்தோம். எங்கள் தாமான் குடியிருப்பில் சிக்னல் பிடிக்க சடக்கு (ரோடு) வரை நடக்க வேண்டும், அவருக்கோ முட்டிவலி. ஜொகூர் பாருவில் இருக்கும் அக்கா தினமும் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு அழைப்பார். கம்பி ஷார்ட் ஆனால் ரிசீவரை எடுத்து வைத்த மாதிரி ஆகிவிடும், அழைப்பவருக்கு எங்கேஜ் சத்தம்தான் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அக்காவுக்குத் தெரியாது. அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார், பரவாயில்லை, பேசட்டும் என்று நாலு நாள் விட்டுவிட்டார். அந்த நாலு நாளும் அம்மா எட்டு மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக வைத்திருக்கிறார். மகள் தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தாராம். அதை என்னிடமும் சொல்லவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: எதுவரை உங்கள் கம்பி, எதிலிருந்து எங்கள் கம்பி என்று எழுத்தில் தாருங்கள்.

அப்பா பால்மரம் (ரப்பர்) சீவிய தோட்டத்தில் லயத்து வீடு நிர்வாகத்துடையது. கூரை ஒழுகினால் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி முன்னால் போய் நிற்க வேண்டும், திட்டும் வாங்க வேண்டும். ஆனால் அது யாருடைய கூரை என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. இந்த வீட்டை வாங்கி, 1996-இல் லைன் எடுத்தபோது, கம்பியைத் தொடக்கூடாது என்று சொன்னவர்கள் உங்கள் ஆட்கள்தான். சமையலறைக்கு இன்னொரு சாக்கெட் வைக்கவும் உங்களுக்கே பணம் கட்டினோம், ரசீது இருக்கிறது. தீபாவளிக்குச் சாயம் அடித்தபோது அப்பா கம்பியில் படாமல் சுற்றி அடித்தார். இன்றும் அதன் அடியில் பழைய நீலம் தெரிகிறது. அந்தக் கம்பி எந்தத் தேதியில் எங்களுடையது ஆனது ஐயா? எங்கள் ஊர்ப் பெயர் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து பெஸ்தாரி ஜெயா ஆனதைப் பில்லில் மாற்றி எழுதினீர்கள். இதை மட்டும் ஏன் எழுதவில்லை? பில் மாத்திரம் எந்த எல்லையிலும் நிற்காமல் நேரே வீட்டுக்குள் வந்துவிடுகிறது, முழு மாத வாடகையோடு.

உள்கம்பி வீட்டுக்காரர் பொறுப்பு என்பது உலகத்தில் இல்லாத அநியாயம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1987 முதல் அப்படித்தான். ஆனால் அங்கே எல்லையில் ஒரு பெட்டி வைக்கிறார்கள், மாதம் கொஞ்சம் கட்டினால் உள்ளே வரும் பழுதையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். பிரிட்டனில் முதல் சாக்கெட்டின் கீழ்மூடியைக் கழற்றினால் உள்ளே சோதனைச் சாக்கெட் இருக்கும். போனை அதில் செருகி டயல் டோன் வந்தால் பழுது வீட்டுக்காரருடையது, வராவிட்டால் நிறுவனத்துடையது. அம்மாவே பார்த்துச் சொல்லிவிடுவார். எங்களுக்கோ கூரையோரத்தில் ஒரு டப்பா, ஏணி வேண்டும்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். எது உங்கள் கம்பி, எது எங்கள் கம்பி என்று தயவுசெய்து எழுதித் தாருங்கள், பில்லின் பின்பக்கத்தில் ஒரு வரியாக இருந்தாலும் போதும். எங்களுடையது என்றால் வயர்மேன் கை வைக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதுவரை, சமையலறைக்குப் பிரியும் கம்பியை மட்டும் கழற்றிப் பார்க்க ஓர் ஆளை அனுப்பினால் உதவியாக இருக்கும். அந்த சாக்கெட்டில் எறும்பு கூடு கட்டியிருக்கிறது, எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

காலை பத்து மணிக்கு மேல் வந்தால் நல்லது, வேலை முடிந்து நான் வீட்டில் இருப்பேன். வருவதைச் சொல்ல வீட்டுக்கு மட்டும் போன் செய்ய வேண்டாம் ஐயா. எங்கேஜ் என்றுதான் வரும்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவரின் மகன்