“மோ ஃபாத்திகே” என்றால் டாக்டருக்கு என்ன புரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து மாதங்கள், சிலருக்கு ஆண்டுகளே கடந்த பிறகும் உடம்பு அசந்து கிடப்பவர்கள் மொரீஷியசில் நம் வீடுகளில் பலர். மறுபரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் அவர்கள் இங்குள்ள கிரியோல் மொழியில் சொல்வது இரண்டே சொல்: “மோ ஃபாத்திகே”, அதாவது ‘எனக்குக் களைப்பாக இருக்கிறது’. கரும்புத் தோட்டத்திலிருந்து திரும்பியவரும் அதையே சொல்வார், கல்யாண வீட்டில் இரவெல்லாம் கண்விழித்தவரும் அதையே சொல்வார். டாக்டருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்.

இந்தச் சோர்வு ஓய்வால் தீராது. இரவு எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். செய்த வேலைக்கும் வந்த களைப்புக்கும் பொருத்தம் இருக்காது. குளித்துவிட்டு வந்தவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிடும். மறதியும் கவனக்குறைவும் கூடவே வரும். இதைச் சோம்பல் என்று வீட்டார் நினைப்பதுதான் எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சிகிச்சையின் பின்விளைவுகளில் மிகவும் பரவலாகக் காணப்படும் ஒன்று இது.

ஆகவே “சோர்வு” என்ற சொல்லை விட்டு, நின்றுபோன வேலையைச் சொல்லுங்கள். “மாடிக்கு ஒரே மூச்சில் ஏறுவேன், இப்போது நடுவில் இரண்டு முறை நிற்கிறேன்” என்றால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார். கிரியோலில் “மோ பா காப்பாவ் மோந்த் லெஸ்கால்யே சான் அரெத்தே” என்று சொல்லலாம். அடுத்து, “மெம் மோ தோர்மி, மோ ஆங்கோர் ஃபாத்திகே” – தூங்கினாலும் தீரவில்லை. சாதாரணக் களைப்பு இல்லை என்பதைக் காட்டுவது இந்த இரண்டாவது வாக்கியம்தான்.

அதோடு ஓர் எண்ணும் வேண்டும். களைப்பே இல்லையென்றால் 0, இதைவிட மோசம் இருக்க முடியாது என்றால் 10. பரிசோதனைக்கு முந்தைய ஏழு நாள், காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஒரு நோட்டில் எண்ணைக் குறியுங்கள். பக்கத்தில் இரவு தூங்கிய நேரம், பகலில் படுத்த நேரம், அன்று செய்த வேலை. 4 அல்லது அதற்கு மேல் என்றால் காரணம் தேட வேண்டிய அளவு. 7 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. நோட்டு எதற்கு என்றால், கிளினிக்குக்குப் போகும் நாளில் பலர் எப்படியோ தெம்பைத் திரட்டிக்கொண்டு, நல்ல சேலை உடுத்தி, “பரவாயில்லை டாக்டர்” என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு நாளை வைத்து ஆறு மாதத்தைக் கணிக்கக் கூடாது. இந்தப் பேச்சை உட்கார்ந்தவுடனே எடுங்கள். எழுந்து கதவருகே போன பிறகு சொன்னால் நேரம் இருக்காது.

இனி முக்கியமானது. இந்தச் சோர்வுக்குப் பின்னால் மருந்தால் சரியாகக்கூடிய காரணம் ஒளிந்திருக்கலாம். “ரத்தம் நன்றாக இருக்கிறது” என்று சொன்னால், எந்தெந்தப் பரிசோதனை செய்தார்கள் என்று கேளுங்கள். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்திருக்கலாம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச், வைட்டமின் பி12, சர்க்கரை, சிறுநீரகம், ஈரல், சோடியம், கால்சியம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். கழுத்தில் ரேடியேஷன் வைத்தவர்களுக்கும் இம்யூனோதெரப்பி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) எடுத்தவர்களுக்கும் தைராய்டு மந்தமாகலாம். கழுத்து ரேடியேஷனுக்குப் பல ஆண்டு கழித்தும் அது தலைகாட்டும். நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் ஏராளம். மெட்ஃபார்மினைப் பல வருடமாக விழுங்குகிறவர்களுக்கு பி12 குறையும். அவர்கள் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களாகவும் இருந்தால் இன்னும் குறையும்.

டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற புற்றுநோய் மருந்து ஏற்றியவர்களுக்கும் இடது மார்பில் ரேடியேஷன் வைத்தவர்களுக்கும் இதயம் பலவீனப்படுவதுண்டு. படி ஏறினால் மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் அதன் அடையாளம். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தால் தெரியும். இங்கேதான் ஒரு சிக்கல். சென்னைக்குப் போய்ச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களிடம் எந்த மருந்து, எத்தனை தவணை என்ற விவரம் இருப்பதில்லை. டிஸ்சார்ஜ் தாளை ஒரு பிரதி எடுத்து, கண்டோஸ் ஆஸ்பத்திரி, சோல்ஃபெரினோ புற்றுநோய் மையம் எங்கே போனாலும் கையோடு கொண்டுபோங்கள்.

விழுங்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவதும் அவசியம். இரத்த அழுத்தத்துக்கான அடெனோலால், நரம்பு எரிச்சலுக்கான அமிட்ரிப்டிலின், அரிப்புக்கான மாத்திரை, வலி மாத்திரை எல்லாமே அசதி தரக்கூடியவை. வீட்டில் போடும் மூலிகைக் கஷாயமான திஸானையும் மறைக்காதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரை அசதி தருகிறது என்று நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அதை டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று வருபவர்களில் சிலர் அதைப் பால் தேநீரோடு விழுங்கியிருப்பார்கள். தேநீர் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது; ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம்.

தூக்கம் கெட்டிருக்கிறதா, பலத்த குறட்டையா, மனம் சோர்ந்து எதிலும் ஈடுபாடு இல்லையா என்பதையும் சொல்லுங்கள். மனச்சோர்வு என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லையென்றால், நடைதான் நல்ல ஆதாரமுள்ள வழி. முழு ஓய்வு தசையைக் கரைத்துச் சோர்வைக் கூட்டும். சமதளத்தில் ஐந்து நிமிடம் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை போகலாம். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் காலையிலேயே முடித்துவிடுங்கள். உடம்பு தெம்பாக இருக்கும் ஒரு நாளில் வீடு முழுதும் கழுவிவிட்டு அடுத்த மூன்று நாள் படுப்பதுதான் பலர் செய்யும் தவறு. எலும்பில் நோய் பரவியவர்களும் கால் மரத்துப்போனவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. காவடி எடுக்க நினைப்பவர்களும் அப்படியே. பத்து நாள் விரதமும் வெறுங்கால் நடையும் என்னவென்று டாக்டருக்குத் தெரியாமல் இருக்கலாம், விளக்கிச் சொல்லுங்கள்.

புற்றுநோய்ப் பிரிவு, நோய் திரும்பியதா என்று பார்க்கிறது. பக்கத்து ஹெல்த் சென்டர், சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்க்கிறது. சோர்வு இரண்டுக்கும் நடுவே விழுகிறது. “இதை யார் கவனிப்பார்கள், எந்தத் தேதியில் மறுபடி வர வேண்டும்?” என்று கேட்டு, பதிலைக் கார்டிலேயே எழுதி வாங்குங்கள்.

நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், மயக்கம், கறுப்பு மலம் இருந்தால் நோட்டுமில்லை, தேதியுமில்லை; உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீமோ இன்னும் நடப்பவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். தெளிந்து வந்த உடம்பு திடீரென்று மறுபடி தளர்ந்தாலோ எடை குறைந்தாலோ, மறுபரிசோதனைத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மேலே உள்ள இரண்டு கிரியோல் வாக்கியங்களையும் சற்றுப் பெரிய எழுத்தில் தனியே அச்சிட்டு உதவ வேண்டுகிறோம். கத்தரித்துக் கார்டோடு வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தாதியர் சிலர்,
ரோஸ் ஹில்