சனசமூக நிலையக் கணினிக் கூடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் வந்திருக்கும் ஊரவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. சிரமதானம், வாசிகசாலைக் கூரைத் திருத்தம், பத்திரிகைச் சந்தா எல்லாம் வழமைபோல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது கணினிக் கூடத்தைப் பற்றி. அதில் ஒரு பிழை என்னுடையது.

பழைய மேசைக் கணினிகள் கரண்ட் போனவுடன் படுத்துவிடும். அதனால்தான் ஒரே பலகையில் முழுக் கணினியும் அடங்கிய, உள்ளங்கை அளவு போட்களுக்கு மாறினோம். முதலில் வாங்கிய இரண்டும் ராஸ்பெரி பை 4. அதற்கு 5 வோல்ட், 3 அம்பியர் போதும். கரண்ட் இல்லாத நேரம் 12 வோல்ட் பற்றறியில் கொன்வேட்டர் போட்டு ஓட்டுகிறோம். மூன்றாவது வாங்கும்போது, "விலையும் குறைவு, சிப்புக்குள் எட்டுக் கோர் (கணிக்கும் பகுதி), வேகமும் கூட" என்று வேறொரு கம்பனியின் போட்டைக் காட்டியவன் நான்தான்.

வேகம் பொய்யில்லை. கம்பனி கொடுத்த இயங்குதளத்தில் அது நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதிலிருந்த லினக்ஸ் கேர்னல், அதாவது இயங்குதளத்தின் கருப்பகுதி, 4.9ஆம் பதிப்பு. 2016 மார்கழியில் வந்த அந்தக் கேர்னலின் பராமரிப்பு 2023 தையோடு முடிந்துவிட்டது. சரி, இப்படியான போட்களுக்கென்றே உள்ள லினக்ஸான ஆர்ம்பியனைப் போடுவோம் என்று புதிய கேர்னலுக்குப் போனால், திரை வந்தது, வைஃபை வரவில்லை. மேசைக் கணினியில் அநேகமாக எந்த லினக்ஸும் ஏறிவிடும். உள்ளே என்ன இருக்கிறதென்று, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸே சொல்லிவிடும். இந்த போட்களில் எந்தச் சிப் எங்கே இருக்கிறதென்று டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும், அந்தச் சிப்பை இயக்கும் ட்ரைவரும் கேர்னலில் சேர்ந்திருக்க வேண்டும். விற்றவர் அதைச் செய்யாவிட்டால் ஒரு தன்னார்வலருக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வாங்க முன்னர் நான் கோர்களைத்தான் எண்ணினேன், இதைப் பார்க்கவில்லை. போட் இப்போது அலுமாரியில் கிடக்கிறது.

அன்பளிப்பாக வந்த ராஸ்பெரி பை 3 ஒன்றும் இருக்கிறது. 2016இல் வெளிவந்த மொடல், 1 ஜிபி நினைவகம். பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். ஆனால் டெபியன் வழிவந்த ராஸ்பெரி பை ஓஎஸ் இன்றும் அதில் புதுப்பித்துக்கொண்டே ஓடுகிறது. கிவிக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, இணையம் இல்லாமலே பிள்ளைகளுக்கு விக்கிப்பீடியா கொடுக்க விட்டிருக்கிறோம். அந்த வேலைக்கு அது தாராளம். (ராஸ்பெரியும் தன் மென்பொருள் முழுவதின் மூலத்தையும் வெளியில் விடவில்லை, போட்டைத் தொடங்கிவைக்கும் பூட் ஃபேர்ம்வேர் மூடியதுதான். நான் வாங்கிய போட்டைப் பற்றிச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும்.)

பிறகு வெயில். வைகாசியில் தகரக் கூரையின் கீழ் மாலை வகுப்பு நடக்கும்போது பை 4 இழுபடத் தொடங்கியது. பார்த்தால் 80 பாகை. அந்தச் சூட்டில் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டி மூடியைக் கழற்றினோம், சூடு இறங்கியது. அடுத்த கிழமை போட்டின் மேல் பல்லி எச்சம். இப்போது நுளம்பு வலைத் துண்டு கட்டியிருக்கிறோம்.

திரை மூலையில் மின்னல் குறி வந்தால் யாரோ போன் சார்ஜரைச் செருகியிருக்கிறார்கள், வோல்ட் பற்றவில்லை என்று அர்த்தம். தயவுசெய்து மேசையோடு கட்டிய அடப்டரை மட்டும் பாவியுங்கள். தரவு பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய் இரண்டு மெமரி காட் ஏற்கெனவே பழுதாகிவிட்டன.

அலுமாரி போட்டை ஒரு தம்பி கேட்கிறார். வைஃபை வேண்டாம், வயர் இணைப்பில் ஓடுகிறதா பார்க்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா என்பதைச் சபைதான் சொல்ல வேண்டும்.

செயலாளர்