தம்பிக்கு, அந்த மிஸ்ரசாபு மெட்டு பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்ததிலிருந்து அம்மாவுக்கு முட்டி வலிதான் கொஞ்சம் கூடியிருக்கிறது. பெரியப்பா வீட்டு விசேஷத்தில் உன்னைக் கேட்காதவர் இல்லை. வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சத்தம் ஏற ஏற அந்த நேரம் சுருங்கிவிடும். பகல் முழுக்க ஆபீஸ் கால், ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரில் மெட்டு என்றால் காது தாங்குமா? சித்தப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நீ.

தை மாதம் என் நாதஸ்வர வாசிப்பைப் பதிவு பண்ணிக்கொண்டு போய், ஏழு எண்ணிக்கை மிஸ்ரசாபு தாளத்தில் நீ செய்த அந்தத் தோடி ராக மெட்டை இன்னும் போட்டுப் போட்டுக் கேட்கிறேன். கீபோர்டில் காந்தார ஸ்வரத்தை அழுத்தினால் அது அசையாமல் நிற்கும், அங்கே தோடி வராது. நீ சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைப் பிடித்து, கீழே ரிஷபத்தையும் மேலே மத்யமத்தையும் தொடும்படி அதை அசைத்தாய். வழக்கமாக அந்தச் சக்கரம் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு அரைஸ்வரம் போகும் என்றாய். தோடி காந்தாரத்துக்கு அது சரியாகப் போதுமே! யார் சொல்லித் தந்தார்கள் உனக்கு? கோயிலில் வாசிக்க வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன்.

தவிலில்தான் அவசரப்பட்டுவிட்டாய். அடிகளைத் தாளக் கட்டத்துக்கு இழுக்கும் குவாண்டைஸ் போட்டதும் அடியெல்லாம் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் ஒரு இழை பிந்தி விழுந்தால்தானே நடை வரும்? கம்ப்யூட்டர் இசைக் குறிப்பான மிடியில் அழுத்தம் 127 வரை இருக்கிறது என்று சொன்னவனே நீதான். அப்புறம் எல்லா அடியையும் ஒரே அழுத்தத்தில் விட்டால் எப்படி? தகிட தகதிமி என்று வாயால் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு அடியையும் கையால் நகர்த்திப் பார். உனக்கு வரும். எங்கள் யாருக்கும் இல்லாத பொறுமை உனக்கு உண்டு.

'சரி பண்ணி அனுப்புகிறேன்ப்பா' என்றாய். சித்திரைக்கு அப்புறம் ஒன்றுமே வரவில்லை. கேட்டால், 'பார்க்கலாம்ப்பா' என்கிறாய். பெற்றவனிடம் பேசுகிற பேச்சா அது?

கீபோர்டை விற்கப் படம் போட்டிருக்கிறாய் என்று தங்கை சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கப்போவதில்லை. பணம்தான் முடை என்றால் சொல், திருவிழா வாசித்த தொகை அப்படியே இருக்கிறது. வேறு ஏதாவது என்றால் அம்மாவிடமாவது சொல். கீபோர்டை மட்டும் கொடுத்துவிடாதே. மவுஸால் திரையில் இருக்கும் பியானோ ரோல் கட்டத்தில் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் உன் கை அதில் இருக்காது.

நேரத்துக்குச் சாப்பிடு. ஹெட்போன் விஷயத்தை மறக்காதே. செய்ததையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுத்து வை.

அந்த மெட்டு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, இருக்கிறபடி அனுப்பு. நாதஸ்வரத்துக்குப் புதுச் சீவாளி பதமாக வந்திருக்கிறது. காந்தாரத்தை மறுபடி வாசித்துப் பதிவு பண்ணி அனுப்புகிறேன். சுருதி இரண்டரைக் கட்டையா, மூன்றா என்று மட்டும் சொல்.

அப்பா