75-ஐ 74 ஆக்கிய ராத்திரி

அண்ணே,

எதிர்சேவைக்கு ஊரே தல்லாகுளத்தில் நின்ற அந்த 2017 சித்திரை ராத்திரி இன்று மறுபடி வந்திருக்கிறது. நேற்று கிட்ராவை, அதாவது முடிந்த நிரலைப் பிரித்து உள்ளே எப்படி ஓடுகிறது என்று காட்டும் மென்பொருளை, இறக்கிவிட்டேன். ஆமாம், நான்தான். 2019-ல் அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏ அதை இலவசமாக வெளியிட்டபோதே உனக்குச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

 

அன்றைக்கு நான் கிளம்பி நின்றேன். "பத்தே நிமிஷம் உட்காருடா" என்றாய். பாஸ்வேர்டு கேட்கிற சின்ன சி நிரல், நீயே எழுதியது. அதைக் கம்பைல் செய்து, அதாவது மெஷின் மொழிக்கு மாற்றி, வந்த விண்டோஸ் கோப்பின் முதல் இரண்டு பைட்டைக் காட்டினாய்: எம், இசட். "மார்க் ஸ்பிகோவ்ஸ்கினு மைக்ரோசாப்டுல ஒருத்தர், அவரோட இனிஷியல்டா." அப்புறம் நிரலை ஒவ்வொரு கட்டளையாக நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கரில் கீழே இறங்கி, 'பொருந்தாவிட்டால் தாவு' என்கிற ஜேஎன்ஈ கட்டளையில் நின்றாய். அதன் பைட்டு 75. என்னையே அதை 74, அதாவது 'பொருந்தினால் தாவு', என்று மாற்றச் சொன்னாய். வாய்க்கு வந்ததை அடித்தேன், உள்ளே விட்டது. சரியான பாஸ்வேர்டைப் போட்டால்தான் துரத்தியது. செல்லூர் தெருவே அதிர வேட்டுச் சத்தம். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

அதைத்தான் அப்பா முன்னால் திருட்டு வேலை என்றேன். மன்னித்துவிடு. புதுசாக வேலையில் சேர்ந்திருந்தேன், கேஸ், போலீஸ் என்று ஆபீசில் பேசியதைக் கேட்டுப் பயந்தேன். பயந்தது தப்பில்லை, சொன்ன இடம்தான் தப்பு. ஆனால் நீயும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாமே! நீயே எழுதியதைத்தானே நாம் திறந்தோம்? அதைக்கூடச் சொல்லாமல் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனாய். இத்தனை வருடமாக அந்தப் பேச்சை நான் ஒருத்தன் சுமக்கிறேன்.

நீ சொன்ன வரிசையில்தான் போகிறேன், அடுத்தவர் எழுதியதைத் தொடவில்லை. 1 முதல் 10 வரை கூட்டுகிற நிரலை ஆப்டிமைசேஷன், அதாவது கம்பைலர் தானே செய்கிற சுருக்கம், இல்லாமல் கம்பைல் செய்தேன். லூப் அப்படியே தெரிந்தது. அந்தச் சுருக்கத்தைச் செய்யச் சொல்லும் ஓ2 கொடுத்தேன், லூப்பையே காணோம். 37 என்று ஒரே எண். முன்னால் 0எக்ஸ், அதாவது பதினாறின் அடிப்படையில் எழுதிய எண் என்கிற அடையாளம், இருந்ததைக் கவனிக்காமல் அரை மணி நேரம் முழித்தேன். மூன்று பதினாறு 48, அதோடு ஏழு, 55. கம்பைலரே கூட்டி வைத்துவிட்டது! உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

இப்போது ஸ்டாக்கில், அதாவது நிரல் ஓடும்போது தற்காலிக மதிப்புகளை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதியில், நிற்கிறேன். அது ஏன் கீழ்நோக்கி வளர்கிறது என்று பச்சை மையில் நீ படம் போட்ட நோட்டு மாடிப் பரணில் இருந்தது. தேடினேன், இல்லை. உன்னிடம் இருந்தால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.