அவர்கள் வெறும் கும்பலா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு வாரமலரில் மாயா மக்களின் கிளர்ச்சி பற்றிய கட்டுரையை வாசித்தேன். நல்லாத்தான் இருந்தது, ஆனால் 1847இல் மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் ஆட்சியாளர்களை எதிர்த்து எழுந்த அந்தப் பூர்வகுடிகளைக் "கட்டுப்பாடில்லாத கும்பல்" என்று ஒரே போடாகப் போட்டது மனதுக்கு ஒப்பவில்லை.

கும்பலுக்குக் கேப்டன், லெப்டினன்ட், சார்ஜன்ட் எல்லாம் எதற்கு? 1840 வாக்கில் சாந்தியாகோ இமான் என்ற யுகாத்தான் படை அதிகாரி மெக்சிகோ அரசை எதிர்க்க ஆள் தேடியபோது, தேவாலய வரியை எடுத்துவிடுகிறேன் என்று ஆசை காட்டித்தான் மாயா விவசாயிகளைப் படையில் சேர்த்தார். கொடுத்த வாக்கு ஒழுங்காக நிறைவேறவில்லை, துப்பாக்கிப் பழக்கம் மட்டும் கையில் தங்கிவிட்டது. அங்கே படித்த கம்பெனி முறையையே பிறகு தங்கள் படைக்கும் வைத்துக்கொண்டார்கள். (கம்பெனி என்றதும் நம் ஆட்களுக்குத் தேயிலைத் தோட்டக் கம்பெனிதான் ஞாபகம் வரும், இது படைப்பிரிவு.)

தலைவர்களும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. கிளர்ச்சியை நடத்திய ஹசிந்தோ பாட், செசிலியோ சீ இருவரும் பதாப், அதாவது ஊர்த்தலைவர்கள். வரி வசூலிக்க அரசாங்கமே நம்பியிருந்த பதவி அது. என் தாத்தா இங்கே தோட்டத்தில் சில்லறைக் கங்காணி, அதாவது ஒரு சிறு கூட்டத் தொழிலாளர்களை வேலை வாங்குபவர். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தோட்டத்து துரை கத்தினாலும் முணுமுணுத்துக்கொண்டு நிற்கிற ஆட்கள், தாத்தா ஒரு கனைப்புக் கனைத்தால் மலை ஏறிவிடுவார்களாம். பதாபுக்கும் அந்த மாதிரிச் செல்வாக்குத்தான் என்று நினைக்கிறேன். என்ன, நம்ம பெரிய கங்காணிமார் பெரும்பாலும் துரை பக்கமே நின்றுவிட்டார்கள்.

1848இல் யுகாத்தானின் தலைநகரான மெரிடாவை நெருங்கியும் ஏன் திரும்பினார்கள்? மழை வருகிற அறிகுறி தெரிந்ததும் சோளம் விதைக்க வீட்டுக்குப் போனார்கள் என்று ஒரு தளபதியின் மகன் பிற்காலத்தில் சொன்னதாகக் கதை உண்டு. இதை முட்டாள்தனம் என்கிறார் கட்டுரையாளர். சம்பளம் இல்லை, ரேஷன் இல்லை, விதைக்காவிட்டால் பிள்ளைகள் எதைச் சாப்பிடுவார்கள்?

பாட்டும் சீயும் சொந்த ஆட்களாலேயே கொல்லப்பட்ட பிறகும் படை கலைந்துவிடவில்லை. 1850இல் சான் சாந்தா குரூஸ் என்ற இடத்தில் 'பேசும் சிலுவை' தோன்றியது, கடவுளே அதன் வழியாகப் பேசுவதாக அவர்கள் நம்பினார்கள், அப்புறம் கட்டளைகள் அதன் பெயரில்தான் வந்தன, கம்பெனிகள் முறை வைத்துக் காவல் காத்தன. 1901இல் மெக்சிகோப் படை வந்து அந்த ஊரைப் பிடிக்கும்வரை அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

கட்டுரையில் அந்தச் சிலுவை பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்னொரு வாரம் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகன்