வார்னிஷ் பெட்டி எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் மூன்று தலைமுறையாக யூதர் ஈமச்சடங்கு இல்லம் நடத்தும் குடும்பத்தைப் பற்றிய கட்டுரை நன்று. உடன் வந்த படம்தான் இடித்தது: வார்னிஷ் பளபளக்கும் பெட்டி, பித்தளைக் கைப்பிடி, மேலே மலர் வளையம். கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது யூத மரபுக்குப் பொருந்தாது என்று உடனே தெரியும்.

யூத மரபில் ஈமச்சடங்கு விலை பேசும் தொழிலாகத் தொடங்கவில்லை. ‘ஹெவ்ரா கதீஷா’ என்ற ஊர்க்குழு கூலி வாங்காமல் செய்தது. அமெரிக்க நகரங்களில் குதிரை வண்டி வாடகைக்கு விட்டவர்களும் பெட்டி செய்த தச்சர்களும் பிறகு உள்ளே வந்தார்கள். பல குடும்ப நிறுவனங்களின் தொடக்கம் அதுதான்.

இறந்தவர் உடலைக் குளிப்பாட்டுவதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். முதலில் நக இடுக்கு அழுக்குவரை எடுத்துச் சுத்தம் செய்வார்கள். அதன் பிறகே ‘தஹாரா’ என்ற தூய்மைச் சடங்கு: ஒன்பது ‘கவ்’ (பழைய யூத அளவு), அதாவது சுமார் 22 லிட்டர் தண்ணீர், மூன்று வாளிகளில். முதல் வாளி தீருமுன் அடுத்ததைச் சாய்க்க வேண்டும். தாரை அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. தனி ஆளால் ஆகாது.

கோடித்துணி வெள்ளைப் பருத்தி அல்லது லினன். அதில் சட்டைப் பை போல எதுவும் வைக்க மாட்டார்கள், தைக்கிற நூலில் முடிச்சும் போட மாட்டார்கள்.

பெட்டி பூச்சில்லாத சாதா மரம். இரும்பு ஆணிக்குப் பதில் மர ஆணி, கைப்பிடிக்குக் கயிறு. உடல் மண்ணோடு சேர அடிப்பலகையில் துளைகள். இஸ்ரேலில் பொதுவாகப் பெட்டியே கிடையாது. நம் பக்க மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பருத்த மர ஆணியை அடித்தால் பலகையின் ஓரம் பிளந்துவிடும்; ஆணியைக் காயவைத்த பிறகே துளையின் அளவைப் பார்க்க வேண்டும்.

உடலைப் பதப்படுத்துவதில்லை; கூடியவரை அன்றோ மறுநாளோ அடக்கம். ஓய்வு நாளான வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை கூடாது; முக்கியப் பண்டிகை நாட்களிலும் தவிர்ப்பார்கள். கல்லறையில் பூவுக்குப் பதில் சிறு கல் வைப்பார்கள். கல் நிலைக்கும்: கேரளத்துச் சேந்தமங்கலத்தில் இஸ்ரவேலின் மகள் சாராவின் 1269ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் இன்றும் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஈமச்சடங்கு இல்லமே பார்த்துக்கொள்ளும் என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. இறந்தவருக்கான ‘கதீஷ்’ பிரார்த்தனை சொல்ல, பழைய மரபுப்படி 13 வயது நிரம்பிய பத்து யூத ஆண்கள் வேண்டும். 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். கொச்சியில் பலகைக்கும் தச்சருக்கும் பஞ்சமில்லை. அந்தப் பத்துப் பேருக்குத்தான் வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளையும் தேட வேண்டியிருக்கிறது.

வாசகர்,
மட்டாஞ்சேரி, கொச்சி